மெயின் பிராஞ்ச் ஏன் எப்பவும் ஓடுற நிலைமையில இருக்கணும்: டீம்ல புதுசா சேர்றவங்களுக்கு

மொத வேலையில சேர்ந்து ரெண்டாவது வாரம். காலைல வந்து உக்காந்து டீமோட புதுக் கோட எறக்குற கிட் புல் கமாண்ட அடிச்சிட்டு அப்ளிகேஷன ஸ்டார்ட் பண்ணேன், ஸ்க்ரீன் முழுக்க செவப்பா எரர். மொத நாள் சாயந்திரம் வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த புராஜக்ட். நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு நெனச்சு லைப்ரரி எல்லாத்தையும் அழிச்சு திரும்ப இன்ஸ்டால் பண்ணேன், அதுக்கே முக்கா மணி நேரம் போச்சு, அப்புறம் லோக்கல் டேட்டாபேஸ அழிச்சிட்டு மறுபடி உருவாக்குனேன், நோட்.ஜேஎஸ் வெர்ஷன மாத்திப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. யார்கிட்டயாவது கேக்கலாம்னா தயக்கம், வந்து பத்து நாள்கூட ஆகல, இதுகூட தெரியலையான்னு நெனச்சிடுவாங்களோன்னு பயம். சாப்பிடப் போறப்பதான் பக்கத்து சீட்டு அண்ணா சொன்னார், "உனக்கும் ஓடலையாப்பா? நேத்து நைட்டு யாரோ மெர்ஜ் பண்ணதுல மெயின் ஒடஞ்சிருக்கு, நான் பழைய கமிட்டுக்குப் போய்தான் வேலை பாத்துட்டிருக்கேன்."

அந்த அரை நாள் எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. அண்ணா அஞ்சு வருஷமா அந்தக் கோட்லயே பொழங்குறவர், எரரப் பாத்த உடனே இது நம்ம மெஷின் பிரச்சனை இல்லைன்னு அவருக்குத் தெரியும். எனக்கு அது தெரியறதுக்கு வழியே இல்ல. மெயின் பிராஞ்ச் ஒடஞ்சா அனுபவம் உள்ளவங்களுக்கு பத்து நிமிஷம்தான் போகும், புதுசா வந்தவங்களுக்குத்தான் அரை நாளும் போயி, நமக்கு இது வருமான்னு ஒரு சந்தேகமும் சேந்து வரும். அதனாலதான் இந்த விஷயத்த புதுசா வர்றவங்களுக்குன்னே எழுதணும்னு தோணுச்சு.

அடிப்படையிலேருந்து ஆரம்பிப்போம். ஒரு டீம்ல எல்லாரும் ஒரே கோட்ல வேலை பாக்குறப்ப எல்லாருக்கும் பொதுவா ஒரு பிரதி இருக்கும், அதுதான் மெயின் பிராஞ்ச். பழைய ரெப்போக்கள்ல, அதாவது கோடும் அதோட வரலாறும் இருக்கிற கிடங்குகள்ல, மாஸ்டர்னு பேர் இருக்கும், ரெப்போக்கள வெச்சுக்கிற தளமான கிட்ஹப் 2020 அக்டோபர் 1-லேருந்து புது ரெப்போவுக்கு மெயின்னு பேர் வைக்குது, ரெண்டும் ஒண்ணுதான். நீங்க ஒரு வேலை எடுத்தீங்கன்னா மெயின்லேருந்து ஒரு கிளை பிரிச்சு, அதுல மாத்தி, மாத்தத்த ஒவ்வொரு கமிட்டா பதிஞ்சு, சர்வருக்கு அனுப்பி, அதாவது புஷ் பண்ணி, முடிச்சதும் இத சேத்துக்கங்கன்னு ஒரு புல் ரிக்வெஸ்ட் போடுவீங்க, சுருக்கமா பிஆர். இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணுவார், சிஐ சர்வர்ல, அதாவது ஒவ்வொரு மாத்தத்துக்கும் தானா டெஸ்ட் ஓட்டுற சர்வர்ல, டெஸ்ட் ஓடும், எல்லாம் பாஸ் ஆகி பச்சையானா மெயின்ல சேப்பாங்க, அதுதான் மெர்ஜ். நாளைக்கு கிளை பிரிக்கிற எல்லாரும் இந்த மெர்ஜுக்கு அப்புறம் இருக்கிற மெயின்லேருந்துதான் பிரிப்பாங்க.

மெயின் ஸ்டேபிளா இருக்கணும்னு சொன்னா அதுல பக்கே (தப்பே) இருக்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல, அது யாராலயும் முடியாது. எந்த நேரத்துல எடுத்தாலும் அது பில்ட் ஆகணும், அதாவது ஓடுற புரோகிராமா மாறணும், இருக்கிற டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகணும், அவ்ளோதான். மளிகைக் கடையில எடைக்கல் மாதிரின்னு வெச்சுக்கங்க. கல்லு சரியா இருந்தாதான் அரிசி கம்மியா இருக்கா கூடவான்னு சொல்ல முடியும். கல்லே தப்புன்னா நிறுத்ததெல்லாம் தப்பு, அதுலயும் எது எவ்ளோ தப்புன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. மெயின் ஓடுதுன்னு நிச்சயமா தெரிஞ்சா, உங்க கிளையில ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னா அது உங்க மாத்தத்தாலதான்னு கண்ண மூடிட்டு சொல்லலாம், தேடுற எடம் நூறு வரிக்குள்ள அடங்கிடும்.

சரி, ஒவ்வொரு பிஆர்லயும்தான் டெஸ்ட் ஓட்டி பச்ச டிக் பாத்துட்டு மெர்ஜ் பண்றோமே, அப்புறம் எப்படி ஒடையுது? புதுசா வர்ற எல்லாரும் கேக்குற கேள்வி இது, சரியான கேள்வியும்கூட.

நான் கண்ணால பாத்த ஒண்ண சொல்றேன். துணி விக்கிற ஒரு ஆன்லைன் கடைக்கு கோடு எழுதிட்டிருந்தோம். ஆர்டரோட மொத்தத் தொகைய ஒரு ஃபங்ஷன் கணக்குப் போட்டு ரூபாய்ல குடுக்கும். தசம புள்ளியால ரவுண்டிங்ல அங்கங்க ஒரு பைசா ரெண்டு பைசா இடிச்சுட்டே இருந்துச்சு, அதனால டீம்ல ஒருத்தர் எல்லாத்தையும் பைசாவுக்கு மாத்துனார், அதாவது 300 ரூபாய்னா ஃபங்ஷன் 30000-னு குடுக்கும். அந்தத் தொகைய எங்கெங்க யூஸ் பண்றாங்களோ அத்தனையையும் தேடிப் புடிச்சு மாத்தி டெஸ்ட்டையும் மாத்துனார், எல்லாம் பச்சை. அதே வாரம் இன்னொருத்தர் தன் கிளையில புதுசா ஒரு ஃபைல் எழுதுறார்: மொத்தம் 500-க்கு மேல இருந்தா டெலிவரி ஃப்ரீ, இல்லைன்னா 40 ரூபாய். அவர் கிளை பிரிச்சப்ப மெயின்ல தொகை ரூபாய்லதான் இருந்துச்சு, அதனால அவர் எழுதுனதும் சரி, 300 ரூபாய் ஆர்டருக்கு 40 ரூபாய் சேருதான்னு டெஸ்ட்டும் எழுதியிருந்தார், அதுவும் பச்சை.

ரெண்டு பேரும் வேற வேற ஃபைல தொட்டதால கிட்டுக்கு எந்தக் கான்ஃப்ளிக்ட்டும் (மோதலும்) தெரியல. மொதல்ல பைசா மெர்ஜ் ஆச்சு, பத்து நிமிஷம் கழிச்சு டெலிவரி மெர்ஜ் ஆச்சு. இப்ப மெயின்ல 30000 பெருசா 500 பெருசான்னு கேக்குற கோடு இருக்கு. 6 ரூபாய்க்கு கைக்குட்டை வாங்குனாலும் டெலிவரி ஃப்ரீ! ரெண்டு பக்கமும் வெறும் நம்பர்தான், அதனால கம்பைலரும் ஒண்ணும் சொல்லாது. நல்லவேளையா அந்த 300 ரூபாய் டெஸ்ட் இருந்ததால மெர்ஜுக்கு அப்புறம் ஓடுன சிஐயில செவப்பு விழுந்துச்சு, ஆனா அதுக்குள்ள நாலு பேர் புல் பண்ணிட்டாங்க. ரெண்டு பேரையும் கேட்டா ரெண்டு பேருமே "என் பிஆர்ல பச்சையாதானே இருந்துச்சு"ன்னு சொன்னாங்க, ரெண்டு பேர் சொன்னதும் உண்மை.

வீட்ல சாம்பார் வைக்கிறப்ப நடக்குற மாதிரிதான் இது. அம்மா உப்பு போட்டுட்டு கொல்லப்பக்கம் போயிருப்பாங்க, அக்கா வந்து உப்பு போடலையேன்னு நெனச்சு தன் பங்குக்கு ஒரு கரண்டி போட்டிருப்பா. ரெண்டு பேர் போட்டதும் சரியான அளவு, ஆனா சாம்பார வாயில வைக்க முடியாது. தனித்தனியா அளந்ததுல ஒரு தப்பும் இல்ல, ரெண்டும் சேந்ததுக்கு அப்புறம் யாரும் ருசி பாக்கலங்கறதுதான் பிரச்சனை.

அப்ப என்ன பண்ணணும்? பிஆர மட்டும் டெஸ்ட் பண்ணா போதாது, மெர்ஜ் ஆனதுக்கு அப்புறம் மெயின் எப்படி இருக்கப் போகுதோ அதையே மெர்ஜுக்கு முன்னாடி உருவாக்கி டெஸ்ட் பண்ணணும். பாஸ் ஆச்சுன்னா டெஸ்ட் ஆன அதே கமிட்ட, ஒரு எழுத்து மாறாம மெயினாக்கணும். இந்த ஒரு வரி புரிஞ்சா மீதி எல்லாம் தன்னால புரியும்.

இத ரொம்ப அழுத்தமா புடிச்சு நடத்திக் காட்டுனது ரஸ்ட்ங்கிற புரோகிராமிங் மொழிய உருவாக்குற டீம். ரஸ்ட்ட ஆரம்பிச்ச கிரேடன் ஹோர் 2013-ல பார்ஸ்னு ஒரு சின்ன ரோபோ புரோகிராம் எழுதுனார். அதுக்கு அடுத்த வருஷம் அத பத்தி எழுதுறப்ப, எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகுற ஒரு ரெப்போவ மனுஷங்கள நம்பாம மெஷினே பராமரிக்கணும், இது ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லங்கற அர்த்தத்துல ஒரு விதி சொன்னார். தன்னோட பழைய சகா பென் எலிஸ்டன்கிட்ட கத்துக்கிட்டதுன்னும் அதுல சொல்லியிருக்கார், அந்தக் காலத்துல பென் இத குறிச்ச நேரத்துல வேலைய ஓட்டுற கிரான், ஸ்கிரிப்ட் எழுதுற பெர்ல் மாதிரி சாதாரண சாமான வெச்சே கட்டியிருந்தாராம். எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயமே அதுதான், வெல கொடுத்து வாங்குற டூல் எதுவும் வேணாம், ஒழுங்கு இருந்தா போதும்.

பார்ஸ் எப்படி வேலை செய்யும்னு பாருங்க. ரஸ்ட்ல யாரும் மெர்ஜ் பட்டன அமுக்கறதில்ல. ரிவ்யூ பண்றவருக்கு திருப்தின்னா பிஆர்ல பார்ஸ கூப்ட்டு ஆர் பிளஸ் (r+)னு ஒரு கமெண்ட் போடுவார், அந்த பிஆர் வரிசையில போய் நிக்கும். அதோட முறை வந்ததும் பார்ஸ், அந்த நிமிஷம் மெயின் எப்படி இருக்கோ அது கூட இந்த பிஆர சேத்து தனியா ஒரு கிளையில வெச்சு, லினக்ஸ் விண்டோஸ் மேக்னு எல்லாத்துலயும் முழு டெஸ்ட்டையும் ஓட்டும். பாஸ் ஆச்சுன்னா மெயின் அப்படியே அந்தக் கமிட்டுக்கு நகரும். ஃபெயில் ஆச்சுன்னா பிஆர்லயே தகவல் சொல்லிட்டு அடுத்தத எடுக்கும், மெயின்ல ஒரு கீறல்கூட விழாது. எங்க டெலிவரி பிஆர் அந்த வரிசையில நின்னிருந்தா பைசா மெர்ஜ் ஆன மெயின் கூட சேத்து டெஸ்ட் ஆகியிருக்கும், 300 ரூபாய் டெஸ்ட் அங்கயே ஃபெயில் ஆகியிருக்கும், எழுதுனவர் ஒருத்தருக்கு மட்டும் தகவல் போயிருக்கும், மத்த நாலு பேர் அவங்கவங்க வேலையப் பாத்திருப்பாங்க.

ரஸ்ட்டுக்கு இது ஏன் அவ்ளோ முக்கியம்னா அவங்க மெயின்லேருந்து தினமும் நைட்லி வெர்ஷன் வெளிய போகுது, 6 வாரத்துக்கு ஒரு தடவை அதுலேருந்து பீட்டா பிரியுது, இன்னும் 6 வாரத்துல அந்த பீட்டாதான் ஸ்டேபிள். மெயின் ஒடஞ்சு கெடந்தா இந்தச் சங்கிலியே நின்னுடும்.

இதுக்கு வெல உண்டு, நேரம்தான் அந்த வெல. முழு டெஸ்ட் 3 மணி நேரம் ஓடுச்சுன்னு வைங்க, ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததுன்னா ஒரு நாளைக்கு 8 மெர்ஜ்தான் நடக்கும். பெரிய புராஜக்ட்டுக்கு அது பத்தவே பத்தாது. ரஸ்ட்ல அதுக்கு ரோலப்னு ஒரு வழி வெச்சிருக்காங்க, டாக்குமெண்ட் திருத்தம் மாதிரி ஆபத்து கம்மியான பிஆர் சிலத ஒரே கட்டா கட்டி ஒரே தடவையில டெஸ்ட் பண்றது, ஃபெயில் ஆனா சந்தேகமா இருக்கிறத எடுத்துட்டு திரும்ப ஓட்டுறது. இன்னொரு வழி ஊகிச்சு முன்னாடியே ஓட்டுறது. வரிசையில மூணு பிஆர் நிக்குதுன்னா மொதலாவது மட்டும், மொதலும் ரெண்டும், மூணும் சேந்துன்னு மூணு டெஸ்ட்டையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சிடுறது, முன்னாடி நிக்கிறது ஏதாவது ஃபெயில் ஆச்சுன்னாதான் அதுக்குப் பின்னாடி உள்ளத மறுபடி ஓட்டணும். ஊபர்ல இத இன்னும் ஒரு படி மேல கொண்டு போய், எந்த மாத்தம் பாஸ் ஆக வாய்ப்பு அதிகம்னு முன்கூட்டியே கணிச்சு, அதுக்கு ஏத்த மாதிரி எதெத ஓட்டணும்னு தேர்ந்தெடுக்குற சிஸ்டம் கட்டுனாங்க, 2019-ல அத பத்தி ஆய்வுக் கட்டுரையும் போட்டாங்க. இப்ப நமக்கு அவ்ளோ கஷ்டம் இல்ல, இந்த வரிசை கிட்ஹப்ல மெர்ஜ் கியூன்னு 2023-லேருந்து இருக்கு, அது மாதிரி இன்னொரு தளமான கிட்லேப்ல மெர்ஜ் ட்ரெயின்னு பேரு.

மூணு நாலு பேர் டீம்னா கியூகூட வேணாம். கிட்ஹப்ல பிராஞ்ச் புரொடெக்ஷன் செட்டிங்ல மெயினுக்கு நேரடியா புஷ் பண்றத தடுங்க, டெஸ்ட் பாஸ் ஆனாதான் மெர்ஜ்னு வைங்க, அது கூடவே மெர்ஜுக்கு முன்னாடி கிளை மெயினோட அப்டுடேட்டா இருக்கணும்ங்கிற டிக்கையும் போடுங்க. இந்தக் கடைசி டிக்க நெறைய பேர் விட்டுடுறாங்க. கிட்ஹப் பிஆர்ல பாக்குற பச்சைக்கு ஒரு நேரம் இருக்கு, கடைசியா நீங்க புஷ் பண்ணப்ப மெயின் எப்படி இருந்துச்சோ அதோட சேத்து ஓட்டுன டெஸ்ட் அது. அதுக்கப்புறம் மெயின் பத்து கமிட் முன்னாடி போயிருந்தாலும் அந்தப் பச்சை அப்படியேதான் நிக்கும். செவ்வாய்க்கெழம வந்த பச்சைய நம்பி வெள்ளிக்கெழம மெர்ஜ் பண்ணாதீங்க.

லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியான கெர்னல்ல வேற மாதிரி. அங்க அத ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸோட மரம்தான், அதாவது அவரோட ரெப்போதான், மெயின். ஒரு ரிலீஸ் முடிஞ்சதும் சுமாரா 2 வாரம் மட்டும் புது விஷயங்கள உள்ள வாங்குவார், அப்புறம் வாரம் ஒரு ஆர்சின்னு (ரிலீஸுக்கு முந்தின சோதனைப் பதிப்பு) ஏழு எட்டு வாரம் வெறும் திருத்தம்தான். ஆனா அந்த 2 வாரத்துல கொட்டறத அன்னிக்குத்தான் மொத மொத சேத்துப் பாத்தா தாங்காது, அதனால 2008-லேருந்து லினக்ஸ்-நெக்ஸ்ட்னு தனியா ஒரு மரம் வெச்சு எல்லாப் பிரிவோட கோடையும் முன்கூட்டியே கலந்து பாத்துட்டே இருக்காங்க. முறைதான் வேற, மெர்ஜுக்கு முன்னாடியே கலந்து ருசி பாக்குறது அங்கயும் அதேதான்.

இவ்ளோ பண்ணியும் ஒரு நாள் ஒடையும். டெஸ்ட்டே இல்லாத எடத்துல ஒடையும், வேற எங்கயோ உள்ள சர்வர் மாறி ஒடையும். அன்னிக்கு என்ன பண்ணணுங்கறதுலதான் ஒரு டீமோட கொணம் தெரியும்னு நான் நெனைக்கிறேன். மெயின் ஒடஞ்சா மொதல்ல ரிவர்ட், அதாவது ஒடைச்ச மாத்தத்த திருப்பி எடுக்கறது. காரணம் என்னன்னு தேடுறது, சரி பண்றது, யார் பண்ணாங்கன்னு பேசுறது எல்லாம் அதுக்கு அப்புறம். "இரு, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுறேன்"னு சொல்றவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா அஞ்சு நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆகும், அவசரத்துல போட்ட ஃபிக்ஸ் இன்னொண்ண ஒடைக்கும், அது வரைக்கும் மொத்த டீமும் கைய கட்டிட்டு நிக்கும். கிட் ரிவர்ட் பழச அழிக்காது, அந்த மாத்தத்துக்கு நேர் எதிரா ஒரு புது கமிட் போடும், வரலாறு அப்படியே இருக்கும், உங்க கிளையில உள்ள கோடும் பத்திரமா இருக்கும். ரீசெட் பண்ணி ஃபோர்ஸ் புஷ் பண்றது, அதாவது வரலாறையே பின்னால தள்ளி மேலெழுதறது, வேற, அத பொது கிளையில பண்ணவே பண்ணாதீங்க, மத்தவங்க ஏற்கனவே புல் பண்ண வரலாறு உங்க வரலாறோட ஒத்துப் போகாம எல்லாருக்கும் சிக்கல் ஆயிடும்.

ரிவர்ட்ல ஒரு இடறல் இருக்கு, முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஒரு மெர்ஜ் கமிட்ட ரிவர்ட் பண்ணிட்டு, கிளையில தப்ப சரி பண்ணி, அதே கிளைய திரும்ப மெர்ஜ் பண்ணா பழைய மாத்தங்கள் வராது, புதுசா போட்ட திருத்தம் மட்டும்தான் வரும். ஏன்னா அந்தப் பழைய கமிட்டெல்லாம் ஏற்கனவே மெயின் வரலாறுல இருக்குன்னு கிட் நெனச்சுக்கும். அதனால மொதல்ல ரிவர்ட்டையே ரிவர்ட் பண்ணி பழைய மாத்தத்த கொண்டு வந்து, அதுக்கு மேல திருத்தத்த வைக்கணும். இது தெரியாம என் ஃபைல் எங்க போச்சுன்னு ஒரு நாள் முழுக்க தேடுனவங்க இருக்காங்க.

உங்க கமிட்ட யாராவது ரிவர்ட் பண்ணா மனசு கஷ்டமாத்தான் இருக்கும், மொத தடவை எனக்கும் இருந்துச்சு. அத உங்கமேல வந்த தீர்ப்பா எடுத்துக்காதீங்க, வழியில வண்டி நின்னா மொதல்ல ஓரங்கட்டிட்டு அப்புறம் பானெட்ட தெறக்குற மாதிரிதான். சீனியர்களும் ரிவர்ட் பண்றப்ப ஒரு வரி எழுதிடுங்க, எந்த டெஸ்ட் ஒடஞ்சுது, திரும்ப எப்ப போடலாம்னு. அந்த ஒரு வரி புதுசா வந்தவங்களுக்கு எவ்ளோ தெம்பு குடுக்கும்னு சொன்னா புரியாது.

இத்தனைக்கும் டெஸ்ட் நம்புற மாதிரி இருக்கணும். சில டெஸ்ட் கோடு மாறாமலே ஒரு தடவை பாஸ் ஆகும் ஒரு தடவை ஃபெயில் ஆகும், ஃப்ளேக்கின்னு சொல்லுவாங்க, டைமிங்கால இருக்கலாம், நெட்வொர்க்கால இருக்கலாம். கூகுள் 2016-ல அவங்க டெஸ்ட் ஓட்டங்கள்ல சுமார் 1.5 சதவீதம் இப்படி வருதுன்னும், டெஸ்ட்டுகள்ல கிட்டத்தட்ட 16 சதவீதத்துக்கு இந்தக் கொணம் கொஞ்சமாவது இருக்குன்னும் எழுதுனாங்க. கேக்க சின்னதா தெரியும், ஆனா செவப்பு வந்தா என்னன்னு பாக்காம ரீரன் அமுக்குற பழக்கம் டீமுக்கு வந்துட்டா, நெஜமான செவப்பு வர்ற அன்னிக்கும் ரீரன்தான் அமுக்குவாங்க. ஃப்ளேக்கி டெஸ்ட்ட கண்ட அன்னிக்கே வரிசையிலேருந்து வெளிய எடுத்து, தனியா ஒரு டிக்கெட் போட்டு, ஒருத்தர் பேர்ல வைங்க.

இன்னொரு கேள்வி வரும், என் வேலை மூணு வாரம் ஆகும், அது வரைக்கும் கிளையிலேயே வெச்சிருக்கலாமா? வேணாங்க. மூணு வாரம் தனியா இருந்த கிளை திரும்ப வர்றப்ப மெயின் வேற எங்கயோ போயிருக்கும், பைசா கதை மாதிரி நாலஞ்சு ஒரே நேரத்துல வெடிக்கும். சின்னச் சின்னதா ஒடச்சு தினமும் மெர்ஜ் பண்ணுங்க, இன்னும் முடிக்காத ஃபீச்சர யாருக்கும் தெரியாம ஒரு ஃபிளாக் போட்டு மூடி வைங்க, அதாவது ஒரு சுவிட்ச், அது ஆஃப்ல இருக்கிற வரைக்கும் பழைய வழியிலதான் போகும். வேலை முடிஞ்சதும் அந்த ஃபிளாக்கையும் அது காவல் காத்த பழைய கோடையும் அழிச்சிடுங்க. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவுல நைட் கேப்பிடல்னு ஒரு பங்கு வர்த்தகக் கம்பெனியில, வருஷக்கணக்கா யூஸ் பண்ணாத ஒரு கோடோட ஃபிளாக்க புது வேலைக்குத் திரும்ப எடுத்தாங்க, 8 சர்வர்ல ஒண்ணுல மட்டும் புதுக் கோடு போகல, அங்க அந்த ஃபிளாக் பழைய கோட எழுப்பி விட்டுச்சு. சுமார் 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல போச்சு.

கடைசியா கிட் பைசெக்ட் பத்தி, இத புதுசுல யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஆறு மாசம் முன்னாடி நல்லா இருந்த ஒரு விஷயம் இப்ப ஓடல, நடுவுல 1000 கமிட் இருக்கு, எதுல ஒடஞ்சுது? நல்ல கமிட் ஒண்ணு கெட்ட கமிட் ஒண்ணு காட்டுனா பைசெக்ட் நடுவுல உள்ளத எடுத்துக் குடுக்கும், ஓட்டிப் பாத்து நல்லதா கெட்டதான்னு சொன்னா மீதிய பாதியாக்கும், இப்படி பத்தே தடவையில 1000-லேருந்து ஒண்ணுக்கு வந்துடலாம். டெஸ்ட்ட ஒரு ஸ்கிரிப்ட்டா குடுத்துட்டீங்கன்னா டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள தானா கண்டுபிடிச்சு வெச்சிருக்கும். ஆனா அது எடுத்துக் குடுக்குற கமிட் பில்டே ஆகலைன்னா நல்லதுன்னும் சொல்ல முடியாது கெட்டதுன்னும் சொல்ல முடியாது, ஸ்கிப்தான் குடுக்கணும். அந்த மாதிரி ஒடஞ்ச கமிட் வரிசையா இருக்கிற எடத்துலதான் நீங்க தேடுற தப்பும் ஒளிஞ்சிருந்துச்சுன்னா, இந்தப் பதினஞ்சுல ஏதோ ஒண்ணுன்னு மட்டும் சொல்லிட்டு பைசெக்ட் நின்னுடும், அந்தப் பதினஞ்சையும் நீங்கதான் ஒக்காந்து ஒண்ணொண்ணா படிக்கணும்.